முதலில் டிக்கியைத் திறங்க ஸார்!

2025 ஆகஸ்ட். ராத்திரி ஒன்பதரை மணி. சொல்லாமல் கொள்ளாமல் வந்த மழை. ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே என் பைக் போய்க்கொண்டிருந்தது. ‘நீந்திக்கொண்டிருந்தது’ என்பதுதான் சரி.

முன்னால் நான். பின்னால் மனைவி. நடுவில் ஐந்து வயசு மகள், என் ரெயின்கோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, போண்டாவுக்குள் முட்டை மாதிரி! பக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி போனது. வானத்திலிருந்து வந்ததைவிட அது அடித்த தண்ணீர் அதிகம். ஒரு விநாடி எனக்குக் கண்ணே தெரியவில்லை. பிரேக் பிடித்தேன். வண்டி ஒரு பக்கமாக இழுத்து, ஆடி, எப்படியோ நின்றது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார். நியாயமான திட்டுதான்.

வீடு வரும்வரை மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. (கல்யாணமானவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும்.) மகளுக்குத் தலை துவட்டிக்கொண்டே கேட்டாள்:

“சீட்டுப் பணம் எப்ப வருது?”

உள் ரூமிலிருந்து அம்மாவின் குரல்: “ஏண்டா, புள்ள நனைஞ்சிடுச்சா?”

அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகி ஆறு மாசம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார். வெளியே போனால் மடக்கு வீல்சேர். மாதம் இரண்டு தடவை ஆஸ்பத்திரி. வீல்சேரை ஆட்டோவின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போவோம்.

ஆகவே, கார். சீட்டு எடுத்தால் இரண்டு லட்சம். பாங்க் லோன் ஐந்து லட்சம். மொத்தம் ஏழு. பதினோரு வருஷமாக பைக் ஓட்டியவனுக்கு முதல் கார். நான் பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். கார்பரேட்டர் தெரியாது. (இப்போது வருகிற கார்களில் கார்பரேட்டரே இல்லையாம். அதுவும் தெரியாது!)

தெரியாத விஷயத்துக்குத் தெரிந்தவர்களைத்தானே கேட்க வேண்டும்? கேட்டேன். அங்கேதான் வந்தது வினை.

டீக்கடை கமிட்டி

முன்பு நான் வேலை பார்த்த ஆபீஸ் கிண்டி எஸ்டேட்டில். அதன் வாசலில் ஒரு டீக்கடை. அங்கே மூன்று கார் பைத்தியங்கள் தினமும் கூடுவார்கள். மூன்று பேரும் நிஜமான மனிதர்கள், ஆகவே நிஜப் பெயர் வேண்டாம். ஒருவர் ஹேட்ச்பேக் அண்ணாச்சி. ஒருவர் பிளாட்ஃபாரம் பாஸ். மூன்றாவது ஆள் கேஸ் மாப்ளே.

“ஒரு கார் வாங்கலாம்னு...” என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். மூன்று டீ கிளாஸும் ஒரே நேரத்தில் கீழே இறங்கின.

“ஹேட்ச்பேக் தவிர மத்ததெல்லாம் வேஸ்ட் தம்பி” என்றார் அண்ணாச்சி.

பின்பக்கக் கண்ணாடியும் டிக்கிக் கதவும் ஒன்றாகச் சேர்ந்து மேலே தூக்கிக்கொள்ளும் சின்ன கார்தான் ஹேட்ச்பேக். பின்னால் வால் நீட்டிக்கொண்டிருக்காது. பின்சீட்டை மடக்கினால் ஒரு ஃபிரிட்ஜையே ஏற்றலாம் என்பார்கள். 1961-ல் வந்த ரெனால்ட் 4, 1974-ல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் எல்லாம் இந்த ஜாதிதான். 1976-ல் கோல்ஃப் ஜி.டி.ஐ. வந்ததும், ‘மளிகைச் சாமான் வாங்கப் போகிற கார் இப்படியும் பறக்குமா!’ என்று ஐரோப்பா வாயைப் பிளந்தது.

நம் ஊரில் கதையை ஆரம்பித்து வைத்தது மாருதி 800. 1983 டிசம்பர் 14-ந் தேதி டெல்லியில் முதல் சாவியைக் கொடுத்தவர் பிரதமர் இந்திரா காந்தி. வாங்கியவர் ஹர்பால் சிங் என்கிற சாதாரண சம்பளக்காரர். 796 ஸி.ஸி. எஞ்சின். அம்பாஸடரிலும் ஃபியட்டிலும் வளர்ந்த நாடு, இந்தத் தீப்பெட்டியா ஊர் போய்ச் சேரும் என்று சிரித்தது. அந்தத் தீப்பெட்டி முப்பது வருஷம் ஓடி, 2014 ஜனவரியில்தான் தயாரிப்பை நிறுத்தியது. சிரித்தவர்களில் பாதிப் பேர் அதிலேயே டிரைவிங் கற்றுக்கொண்டார்கள்.

“சின்ன காருக்கு சர்க்காரே சலாம் போட்டுச்சு தெரியுமா?” என்றார் அண்ணாச்சி. உண்மைதான். 2006 பட்ஜெட்டில் சின்ன கார்களுக்கு எக்ஸைஸ் வரியை 24 சதவிகிதத்திலிருந்து 16-க்கு இறக்கினார்கள். நிபந்தனை: நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் பெட்ரோல் என்றால் 1200 ஸி.ஸி.க்குள், டீசல் என்றால் 1500-க்குள்.

உடனே கம்பெனிகள் டேப்பும் கத்தரிக்கோலுமாகக் கிளம்பிவிட்டன. 4 மீட்டரைத் தாண்டியிருந்த மாருதி டிசையர், 2012-ல் வந்த புது மாடலில் வாலை ஒட்ட நறுக்கிக்கொண்டு 3,995 மில்லிமீட்டரில் வந்து நின்றது. பாக்கி 5 மில்லிமீட்டர்! டெய்லர்கூட இவ்வளவு கச்சிதமாக வெட்டமாட்டார்.

“வண்டி லேசா இருக்கணும் தம்பி. வளைச்சா வளையணும். 2010-ல போலோ கப் ரேஸ்னு ஆரம்பிச்சாங்களே, இருங்காட்டுக்கோட்டை டிராக்ல அந்தக் குட்டிக் கார் வளைவுல திரும்புற அழகப் பார்த்திருக்கீங்களா? இப்ப என்னடான்னா ஊர்ல விக்கிறதுல பாதிக்கு மேல பொட்டி மாதிரி எஸ்.யு.வி. பாய்ஸ் ஹாஸ்டல் பீரோவுக்கு சக்கரம் வெச்ச மாதிரி! அந்த போலோவையும் 2022-ல நிறுத்திட்டாங்க. எல்லாம் போச்சு!”

அவர் கண் கலங்கிவிட்டது. டீயை நான் வாங்கிக் கொடுத்தேன்.

எந்த பிளாட்ஃபாரம்?

“கார் பேரைப் பார்க்காதீங்க ஸார். பிளாட்ஃபாரத்தைப் பாருங்க!” என்றார் அடுத்தவர்.

“எது, தாம்பரம் எட்டாவது பிளாட்ஃபாரமா?”

அவர் சிரிக்கவில்லை. நாலு வருஷம் டிராயிங் செக்‌ஷனில் இருந்தவர். காகிதத்தில் படம் போட்டே விளக்கினார். காரின் தரைத்தகடு, எஞ்சின் உட்காரும் இடம், சக்கரமும் சஸ்பென்ஷனும் மாட்டும் இடம், இதெல்லாம் சேர்ந்த அடித்தளம்தான் பிளாட்ஃபாரம். இதைப் புதிதாக வடிவமைத்து, அச்சு செய்து, மோதிப் பார்த்துத் தேற்றுவதற்குப் பெரும் பணம் ஆகும். ஆகவே ஒன்றைச் செய்து அதன் மேல் பல உடம்புகளை ஏற்றுகிறார்கள். 1990-களில் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப், ஆடி ஏ3, ஸ்கோடா ஆக்டேவியா மூன்றுக்கும் அடித்தளம் ஒன்றே. மூன்றுக்கும் விலை மட்டும் வேறு வேறு.

எனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம் செய்தால் அது பிளாட்ஃபாரம் பகிர்வு. சுட்ட இட்லியையே இரண்டு ஹோட்டலில் வேறு வேறு தட்டில் வைத்தால், அது பெயர்ப்பலகை மாற்றுகிற வேலை. முதலாவதில் ருசி மாறும். இரண்டாவதில் சட்னி மட்டும்தான் மாறும்.

இரண்டுக்கும் உதாரணம் சென்னைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரகடம் தொழிற்சாலையில் ரெனால்ட் க்விட், டாட்ஸன் ரெடி-கோ இரண்டும் ஒரே அடித்தளத்தில் தயாராயின. பார்க்க வேறு வேறு. அது தோசை கேஸ். அதற்கு முன்பு 2012-ல் நிஸான் மைக்ராவுக்கு முகத்தை மாற்றி ரெனால்ட் பல்ஸ் என்று கொண்டுவந்தார்கள். அது இட்லி கேஸ். ஜனங்கள் ஏமாறவில்லை. பல்ஸ் அதிக நாள் ஓடவில்லை.

“ஆக, இரவல் சட்டைன்னா மட்டம்தானே பாஸ்?” என்றேன்.

“அட போங்க ஸார்! உங்க தாத்தா சலாம் போட்ட அம்பாஸடரே இங்கிலாந்து மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதானே? பத்மினி? இத்தாலி ஃபியட். நம்ம வண்டலூர்ல செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு? டிரையம்ஃப் ஹெரால்டு. ஃபியட் கண்டுபிடிச்ச 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் ஸ்விஃப்ட்லயும் இருந்தது, இண்டிகா விஸ்டாவுலயும் இருந்தது, புன்டோவுலயும் இருந்தது. தேசிய கீதம் மாதிரி தேசிய எஞ்சின்னே பேரு வெச்சாங்க. இரவல் இல்லாம இந்தியாவுல எந்தக் கார் ஓடிச்சு?”

பிறகு பாஸ் ஒரு விஷயம் சொன்னார். என் பி.காம். காது நிமிர்ந்தது.

2019 ஜூனில் மாருதி பலேனோவையே டொயோட்டா, கிளான்ஸா என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. குஜராத்தில் ஒரே தொழிற்சாலை. ஒரே எஞ்சின். ஆனால் கிளான்ஸாவுக்கு வாரண்டி 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். பலேனோவுக்கு 2 வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர். அதே இரும்பு, வேற பேப்பர்! 2024 ஜூலையில் மாருதியும் 3 வருஷம், 1 லட்சம் என்று உயர்த்தியபிறகுதான் இந்த வித்தியாசம் போனது. நடுவில் ஐந்து வருஷம், பேட்ஜைப் பார்த்து வாதாடியவர்கள் அதிகம். பேப்பரைப் படித்தவர்கள் கொஞ்சம்.

இன்னொன்று. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை மோதிப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத போலோவுக்குப் பூஜ்யம். இரண்டு ஏர்பேக் வைத்த போலோவுக்கு நாலு ஸ்டார்! அதே பிளாட்ஃபாரம், அதே உடம்பு, அதே பெயர். உள்ளே இருந்த இரண்டு பை மட்டும்தான் வித்தியாசம். கம்பெனி ஏர்பேக் இல்லாத மாடலை அதோடு நிறுத்தியது.

மழையில் ஆடிய பைக்கும், ரெயின்கோட்டுக்குள் இருந்த தலையும் ஞாபகம் வந்தது. நோட்டில் எழுதிக்கொண்டேன்: ‘அடியில் என்ன மாவு என்பது சரி. உள்ளே என்ன வைத்திருக்கிறான்?’

கரி, மூலிகை, கேஸ்!

“ரெண்டு பேரும் கல் யுகத்துல இருக்காங்க மாப்ளே” என்று ஆரம்பித்தது மூன்றாவது பார்ட்டி. மார்க்கெட்டிங் ஆள். தினமும் திருவள்ளூர், காஞ்சிபுரம் என்று அலைபவர். “பெட்ரோல்னு ஒரு வார்த்தையே இனிமே பேசாதே. ஸி.என்.ஜி. வாங்கு. இல்ல, கரண்ட் வண்டி வாங்கு.”

மாற்று எரிபொருள் ஆசை நமக்குப் புதிதில்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் கரி அடுப்பு மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு ஓடிய பஸ்களைப் பற்றிப் பாட்டிகள் சொல்லுவார்கள். 1996-ல் மூலிகை பெட்ரோல் என்று நாடே கூத்தாடியது. சோதனைச்சாலை வாசலோடு அந்தக் கூத்து முடிந்தது. அப்புறம் சமையல் கேஸ் சிலிண்டரைப் பின்னால் படுக்க வைத்துக்கொண்டு ஓடிய ஆம்னி வேன்கள். சட்டவிரோதம், ஆபத்து, இரண்டும். வீட்டில் குழம்பு பாதியில் நிற்கும். வேன் திருச்சி தாண்டியிருக்கும்!

இன்றைக்குக் கம்பெனியே பொருத்தித் தருகிற ஸி.என்.ஜி. அப்படியல்ல. பலமான சிலிண்டர், முறையான சோதனை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை சிலிண்டரை அழுத்தம் கொடுத்துப் பரிசோதிக்க வேண்டும். டெல்லியில் 1998-ல் சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவில் பஸ்களெல்லாம் கேஸுக்கு மாறின. தமிழ்நாட்டுக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. இப்போது சென்னையைச் சுற்றி பங்க்குகள் பெருகிவிட்டன.

“சரி மாப்ளே, இந்த எத்தனால்?”

அந்த ஆகஸ்டில் டீக்கடை, சலூன், ரயில் எங்கும் அதே பேச்சுதான். 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் உள்ள சக்தி, லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். 2021-ல் நிதி ஆயோக் அறிக்கையே, எத்தனாலே கலக்காத பெட்ரோலுக்கென்று வடிவமைத்து, 10 சதவிகிதக் கலப்புக்குச் சரிக்கட்டிய கார்களில் 6 முதல் 7 சதவிகிதம் குறையும் என்றது. 20-க்கென்றே சரிசெய்த எஞ்சினில் 1 முதல் 2 சதவிகிதம்தான். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் இந்தக் கலப்பைத் தாங்கும்படி தயாரானவை. பழைய வண்டிக்காரர்கள்தான் ரப்பர் குழாய்களைக் கவனிக்க வேண்டும்.

“பிரேஸில்காரன் 1975-லயே ஆரம்பிச்சுட்டான். 1979-ல ஃபியட் 147-னு ஒரு ஹேட்ச்பேக், முழுக்க எத்தனால்லயே ஓடிச்சு. 2003-ல ஃபோக்ஸ்வேகன் கோல் வந்தப்ப எது வேணா ஊத்துன்னுட்டான். நாம இப்பத்தான் 20-க்கே அழறோம்” என்றார் மாப்ளே.

மூன்று பேரும் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் பிரச்னை! மூன்று உண்மைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி கேட்டாள்: “என்ன கார்?” நான் சொன்னேன்: “உலகப் போர் சமயத்துல...”

அன்று சாப்பாடு சற்று லேட்.

ஷோ ரூம் படலம்

அப்போதுதான் செய்தி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம். அதுவரை 28 சதவிகிதமும், மேலே ஒரு செஸ்ஸும். ஜி.எஸ்.டி. ரோட்டில் நனைந்தவனுக்கு ஜி.எஸ்.டி.யே குடை பிடித்தது! சின்ன கார் என்பதற்கு அதே பழைய 4 மீட்டர் அளவுகோல்தான்.

ஒரு ஷோ ரூமுக்குப் போனேன். (எது என்று கேட்காதீர்கள்.) டை கட்டிய தம்பி கூல் டிரிங்க் கொடுத்தார். நான் “ஏர்பேக்” என்றேன். அவர் “சன்ரூஃப் ஸார்” என்றார். “மழையில நனையாம இருக்கத்தான் தம்பி காரே வாங்கறேன். நீங்க கூரையில ஓட்டை போட்டுத் தர்றேங்கறீங்களே!” என்றேன். அவர் சிரித்தபடி ஸி.என்.ஜி. மாடலின் ஃபாரத்தையே எடுத்து வைத்துவிட்டார். “பெட்ரோலைவிட தொண்ணூறாயிரம்தான் ஸார் ஜாஸ்தி. ஓடி ஓடியே எடுத்துடலாம்.”

பேனாவைத் திறந்துவிட்டேன். சத்தியமாக. அட்வான்ஸ் பத்தாயிரம் சட்டைப் பையில். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்ஸிலில் டிக் அடித்துத் தயாராக வைத்திருந்தார். அப்போது மனைவியின் போன். “அம்மாவுக்குக் கால் மரத்துப் போச்சாம். உடனே வாங்க.” எழுந்து ஓடினேன்.

நல்ல வேளை, பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் போன் வரவில்லை என்றால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

மூன்று கேள்விகள்

எங்கள் தெருக்கோடியில் ஒரு மெக்கானிக் ஷெட். என் பைக்கைப் பதினோரு வருஷமாகப் பார்ப்பவர். கார் வேலையும் செய்வார். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். கோல்ஃப், பிளாட்ஃபாரம், பிரேஸில் எல்லாம். கடைசியில்,

“ஸார், மாசம் எத்தினி கிலோமீட்டரு ஓட்டுவீங்க?”

“.........”

“யாரு யாரு ஒக்காருவாங்க?”

“.........”

“டிக்கில இன்னா வெப்பீங்க?”

எனக்கு முகத்தில் யாரோ தண்ணீர் அடித்த மாதிரி இருந்தது. ஒரு மாதமாக இத்தனை பேர் பதில் சொன்னார்கள். ஒருவர்கூட என்னைக் கேள்வி கேட்கவில்லையே! நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

“ஒரு மாசம் நோட்டுல எழுதுங்க ஸார். அப்பால வாங்கிக்கலாம். காரு எங்கியும் ஓடிடாது” என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

எழுதினேன். பைக்கில் போனது, ஆட்டோவில் போனது, ஊருக்கு பஸ்ஸில் போனதை மாதக் கணக்காக வகுத்தது, எல்லாம் சேர்த்து 480 கிலோமீட்டர். ரவுண்டாக 500. இனி என் பாஷை. கணக்கு!

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டவுனுக்குள் மைலேஜ் 16 என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு ரூ. 6.25. கேஸ் கிலோ 90 ரூபாய், மைலேஜ் 24. கிலோமீட்டருக்கு ரூ. 3.75. மிச்சம் ரூ. 2.50. கூடுதலாகக் கொடுக்கும் 90,000 ரூபாயை எடுக்க 36,000 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுகிற மாப்ளே ஒன்றரை வருஷத்தில் எடுத்துவிடுவார். அவருக்கு கேஸ் வண்டி தங்கம். எனக்கு? ஆறு வருஷம்! அந்த 90,000-க்கு பாங்க் வட்டி தனி. மாப்ளே சொன்னது அவருக்கு உண்மை. எனக்கு நஷ்டம்.

கரண்ட் வண்டியா? 2022-ல் டாடா டியாகோ மின்சார ஹேட்ச்பேக் வந்தபிறகு இது பணக்காரர் விஷயம் மட்டுமில்லை. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியிலேயே வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலை திறந்தாயிற்று. யூனிட் 8 ரூபாய், யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்கூட ஆகாது. பெட்ரோலைவிட சுமார் 5 ரூபாய் மிச்சம். ஆனால் கையிலிருந்து 3 லட்சம் கூடுதலாகப் போட்டால், அதை எடுக்க 60,000 கிலோமீட்டர். என் ஓட்டத்துக்குப் பத்து வருஷம். அதைவிட முக்கியம், நான் வாடகை வீடு. அயர்ன் பாக்ஸ் போட்டாலே மீட்டரை எட்டிப் பார்க்கிற ஹவுஸ் ஓனர், ராத்திரி பூரா கார் சார்ஜ் போட்டால் மீட்டர் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்துவிடுவார். சொந்த வீடு, சொந்த பிளக், தினம் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டம் உள்ளவர்கள் தாராளமாக யோசிக்கலாம்.

எத்தனால் பயம்? என் ஓட்டத்துக்கு மாதம் சுமார் 31 லிட்டர். பழைய கார் என்று வைத்து 6 சதவிகிதம் போனாலும் 190 ரூபாய் சொச்சம். இரண்டு மசால் தோசைக்காக ஒரு மாதம் தூக்கம் கெடுத்திருக்கிறேன்!

முதல் கேள்வி முடிந்தது. பெட்ரோலே போதும்.

அம்மாவின் டெஸ்ட் டிரைவ்

அடுத்த இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல அம்மாவையே கூட்டிக்கொண்டு போனேன். ஆட்டோ, பின்னால் கயிறு கட்டிய வீல்சேர், ஷோ ரூம் வாசல். வாட்ச்மேன் ஓடிவந்தார்.

முதலில் டிக்கியைத் திறக்கச் சொன்னேன். டை தம்பிக்கு ஆச்சரியம். எல்லோரும் முதலில் ஸ்டீயரிங்கைத்தான் பிடிப்பார்களாம். கேஸ் மாடல் டிக்கியில் சிலிண்டர் காலை நீட்டிப் படுத்திருந்தது. வீல்சேர் ஏறவில்லை. (2023-ல் டாடா அல்ட்ராஸில் ஆரம்பித்து, ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்ன சிலிண்டரைத் தரைக்கு அடியில் வைக்கிற முறை வந்திருக்கிறது. அதில் டிக்கி பெரும்பாலும் தப்பிக்கிறது. கேஸ்தான் வேண்டும் என்பவர்கள் அதைப் பார்க்கலாம்.) பெட்ரோல் மாடலில் பின்சீட்டின் ஒரு பக்கத்தை மடக்கியதும் வீல்சேர் சமத்தாக உள்ளே போனது. அண்ணாச்சி வாழ்க!

பிறகு அம்மா. அண்ணாச்சிக்குப் பிடித்த தாழ்வான, அழகான கார். அம்மா வாக்கரை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்து இறங்கினார், இறங்கினார், இறங்கிக்கொண்டே இருந்தார். இடுப்பு ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தாழ்ந்த சீட் ஆகாது. எழுந்திருக்க இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அடுத்தது வேறு ஷோ ரூம். கூரை உயர்ந்த ஹேட்ச்பேக். 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து ஹூண்டாய் ஸான்ட்ரோ வந்தபோது, தொப்பி போட்ட மாதிரி இருக்கிறதே என்று கிண்டல் செய்தார்களே, அந்த உயர ஜாதி. சீட் நாற்காலி உயரத்தில் இருந்தது. அம்மா திரும்பி நின்றார். அப்படியே உட்கார்ந்தார். காலை உள்ளே எடுத்து வைத்தார். நான் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

“இதுல யார் கையும் புடிக்க வேணாம்டா” என்றார்.

ஆறு மாசத்தில் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

முடிந்தது. அலாய் வீல், ஒட்டு ஸ்டிக்கர், பெரிய டி.வி. எதுவும் வேண்டாம். அந்தக் காசில் ஏர்பேக் அதிகமுள்ள மாடல். பின்சீட்டுக்கும் பெல்ட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தேன். வாரண்டிக் காகிதத்தை, மல்லிகைச் சரம் கட்டிய காரின் பானெட்மேல் வைத்து ஒரு வரி விடாமல் படித்தேன். டை தம்பியின் வாழ்க்கையில் அதைப் படித்த முதல் கஸ்டமர் நான்தானாம்.

காரின் பெயர்? சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களும் டீக்கடை கமிட்டியில் சேர்ந்துவிடுவீர்கள்.

கமிட்டியின் தீர்ப்பு என்ன என்று கேட்கிறீர்களா? அண்ணாச்சி: “உயரம் ஜாஸ்தி. வளைவுல ஆடும்.” பாஸ்: “பழைய பிளாட்ஃபாரம்.” மாப்ளே: “பெட்ரோலா? போச்சு!” மூன்று பேரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிண்டியிலிருந்து பரங்கிமலை வரை ஒரு ரவுண்டு போனேன். அன்று மழை வேறு. ஒருவர்கூட நனையவில்லை. அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

போன வாரம் அதே டீக்கடையில் ஒரு புதுப் பையன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமாம். “ஸார், நீங்க கார் வாங்கியிருக்கீங்களாமே. ஊர்ல அப்பா, அம்மாவுக்காக ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எது ஸார் பெஸ்ட்?”

மூன்று டீ கிளாஸும் கீழே இறங்கின. நானும் முந்திக்கொண்டு வாயைத் திறந்தேன். 1983, டிசம்பர் 14 என்று நாக்கு நுனியில் வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கிக்கொண்டு கேட்டேன்:

“டிக்கியில என்ன தம்பி வைக்கப் போறீங்க?”